ஒன்று என்பது எது? இனமாற்றக் கூட்டலுக்கும் பின்னத்துக்கும் பொதுவான வேர்

(மொன்றியலை அடுத்த புவாண்ட்-கிளேரில் தமிழ்ப் பெற்றோர், ஆசிரியர் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



தொடக்கப் பள்ளிக் கணக்கில் குழந்தைகள் செய்யும் பிழைகளுள் இரண்டு, எந்த நாட்டு வகுப்பறையிலும், எந்த மொழியில் கற்பித்தாலும், ஏறத்தாழ ஒரே வடிவில் தலைகாட்டுகின்றன. 48ஐயும் 37ஐயும் கூட்டச் சொன்னால், எட்டும் ஏழும் பதினைந்து என்று 15ஐ ஒன்றுகளின் இடத்தில் முழுதாக எழுதி, நான்கும் மூன்றும் ஏழு என்று அதன் இடப்புறம் 7ஐ எழுதி, 715 என்று விடை காண்பது முதலாவது பிழை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பவற்றைத் தனியாகவும் கீழே இருப்பவற்றைத் தனியாகவும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுவது இரண்டாவது. ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே மூன்று நான்கு ஆண்டுப் படிப்பு கழிந்திருக்கும். பாடநூலில் இரண்டும் வேறு வேறு அதிகாரங்களில் இருக்கும். ஆகவே இவை வேறு வேறு நோய்கள் எனக் கருதப்பட்டு, ஒன்றுக்கு இடமதிப்புப் பயிற்சியும் மற்றதற்குப் பொதுப் பகுதி காணும் பயிற்சியுமாக வேறு வேறு மருந்துகள் தரப்படுகின்றன.

இரண்டும் ஒரே பிழை என்பதே இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து. கூட்டப்படும் பொருள்கள் ஒரே அலகில் உள்ளனவா என்று கேட்காமல் கூட்டியதே இரண்டிடத்தும் நேர்ந்தது. அலகை மாற்றினாலும் அளவு மாறுவதில்லை என்ற ஒரே அறிவு கைவந்தால், இனமாற்றக் கூட்டலும் பின்னக் கூட்டலும் ஒரே வழியில் குழந்தைக்குத் திறக்கின்றன. வீட்டில் தமிழும், பள்ளியில் பிரெஞ்சும், தெருவிலும் திரையிலும் ஆங்கிலமுமாக வளரும் இந்நகரத்துப் பிள்ளைகளுக்கு இக்கருத்து தனிப் பொருளுடையது. ஏனெனில் அலகு மாற்றத்தை வெளிப்படையாகச் சொல்லிக்காட்டும் சொற்கள் அவர்களுடைய வீட்டு மொழியில் நிறைந்து கிடக்கின்றன.

1. அலகு என்னும் சொல்லும் அலகு மாற்றமும்

எண்ணும்போது எது ‘ஒன்று’ எனக் கொள்ளப்படுகிறதோ அதுவே அலகு. ஒரு முட்டை அலகானால் பன்னிரண்டு. ஒரு டசன் அலகானால் அதே முட்டைகள் ஒன்று. பத்து ஒன்றுகளைக் கொடுத்து ஒரு பத்தைப் பெற்றுக்கொள்வதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இனமாற்றம் என்று வழங்குகின்றன. ஒன்றுகள் ஓர் இனம், பத்துகள் மற்றோர் இனம். ஓர் இனத்தைச் சேர்ந்தவை உரிய எண்ணிக்கை சேர்ந்ததும் மேலினமாக மாறுகின்றன என்று வெளிப்படச் சொல்லும் நல்ல கலைச்சொல் அது. வீடுகளிலும் வகுப்புகளிலும் வழங்கும் ‘ஐந்தைப் போட்டு, மனத்தில் ஒன்று’ என்ற சொல்லோ நடந்ததை மறைத்துவிடுகிறது. மனத்தில் வைக்கப்படுவது ஒன்றன்று, ஒரு பத்து. பிரெஞ்சுப் பள்ளிகள் வழங்கும் ‘ரத்னூ’ என்ற சொல்லும் ‘நிறுத்திவைத்தது’ என்றே பொருள்படுவதால், இம்மறைப்பில் இரு மொழிகளுக்கும் வேறுபாடில்லை.

பின்னம் இதே மாற்றத்தின் எதிர்த்திசை. ஒன்றைக் கொடுத்து நான்கு கால்களைப் பெறுவதும், ஒரு பத்தைக் கொடுத்துப் பத்து ஒன்றுகளைப் பெறுவதும் செயலளவில் ஒன்றே. இரண்டிலும் எண்ணிக்கை கூடுகிறது, அலகு சிறுக்கிறது, அளவு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இந்த உண்மையைக் கியூபெக்கின் பழைய வழக்கொன்று தன்னுள் பொதிந்துவைத்திருக்கிறது. இருபத்தைந்து சதக் காசை இங்குள்ள பிரெஞ்சுக்காரர் இன்றும் ‘ட்ரான்த் சூ’, அதாவது முப்பது சூ, என்கின்றனர். பலனில்லாத மாற்றத்தை, நான்கு முப்பது சூவைக் கொடுத்து ஒரு பியாஸ்த்ர் வாங்குவது, அதாவது ஒரு டாலர் வாங்குவது, என்று பழமொழியாகச் சொல்கின்றனர். பிரித்தானியர் ஆட்சிக்காலக் கணக்கில் ஒரு டாலருக்கு ஐந்து ஷில்லிங், அதாவது அறுபது பென்னி, அதாவது நூற்றிருபது அரைப் பென்னி. அரைப் பென்னியைச் ‘சூ’ என்றழைத்ததால், டாலரில் கால் முப்பது சூ ஆயிற்று. 1858இல் கனடா மாகாணம் பதின்ம நாணயங்களை வெளியிட்ட பின்னர் டாலர் நூறு சதமாயிற்று; கால் டாலர் இருபத்தைந்து சதமாயிற்று; பெயர் மட்டும் முப்பதாகவே நின்றுவிட்டது. மக்கள் நினைவில் வைத்துக்கொண்டது எண்ணிக்கையை அன்று, நான்கு சேர்ந்தால் ஒன்று என்ற உறவை. இத்தகைய உறவையே குழந்தையும் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2. எண்ணுப்பெயர் காட்டும் பத்து

நாற்பத்தெட்டு என்ற சொல்லைக் காதால் கேட்கும் குழந்தை, நான்கு பத்தையும் எட்டையும் சேர்த்தே கேட்கிறது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று பத்தொன்பது வரையிலும் ஒவ்வொரு பெயரின் முகப்பிலும் பத்து நிற்கிறது. பிரெஞ்சில் ஓன்ஸ், தூஸ் எனத் தொடங்கிப் பதினாறு வரையுள்ள பெயர்களில் பத்து தனிச்சொல்லாகத் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் அவ்வாறே மறைந்துள்ளன.

முன்சொன்ன கூட்டலையே இரு மொழியிலும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது. தமிழில்: நாற்பதும் முப்பதும் எழுபது; எட்டும் ஏழும் பதினைந்து, அதில் பத்தும் ஐந்தும் உண்டு; எழுபதும் பத்தும் எண்பது; எண்பதும் ஐந்தும் எண்பத்தைந்து. ஒவ்வொரு படியிலும் எத்தனை பத்து என்பது சொல்லிலேயே ஒலிக்கிறது. பிரெஞ்சில் நாற்பதும் முப்பதும் சேர்ந்தவுடன் ‘சுவாசாந்த்-தீஸ்’ என்று வருகிறது, அதன் பொருள் அறுபதும் பத்தும். அதனோடு இன்னொரு பத்தைச் சேர்த்தால் ‘காத்ர்-வேன்’ என்று வருகிறது, அதன் பொருள் நான்கு இருபது. இனமாற்றம் நிகழும் அதே இடத்தில் பெயரிடும் முறை பத்திலிருந்து இருபதுக்குத் தாவிவிடுகிறது. பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் தமிழ்க் குழந்தை எழுபதுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் இடைப்பட்ட கூட்டல்களில் தயங்குமானால், அதைக் கணக்கறிவின் குறை என்று முடிவு கட்டுவதற்குமுன், அதே கூட்டலைத் தமிழில் சொல்லச்சொல்லிக் கேட்பது பெற்றோர் கடமை.

தமிழிலும் மறைவிடம் உண்டு. ஒன்பது பத்து என்று இயல்பாக வரவேண்டிய பெயர் தொண்ணூறு என்று நூற்றைச் சார்ந்தும், ஒன்பது நூறு என்று வரவேண்டியது தொள்ளாயிரம் என்று ஆயிரத்தைச் சார்ந்தும் அமைந்துள்ளன. இப்பெயர்கள் எப்படிப் புணர்ந்து உண்டாகின்றன என்பதற்குத் தொல்காப்பியம் தனியே விதி சொல்ல வேண்டியிருந்தது. எண்பத்தொன்பதுக்கு அடுத்தது என்ன என்று கேட்டால் சிறு குழந்தைகள் ‘எண்பத்திப்பத்து’ என்று சொல்வதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், அக்குழந்தை பத்துகளைக் கட்டிச் செல்லும் விதியைச் சரியாகப் பிடித்துக்கொண்டது என்பதைக் கவனிப்பதில்லை.

பழைய தமிழ் எழுத்துமுறை இவ்வெளிப்படைத்தன்மையைக் கண்ணுக்கும் காட்டியது. 48 என்பது ௪௰௮ என்று எழுதப்பட்டது: நான்கு, பத்து என்னும் குறி, எட்டு. 345 என்பது ௩௱௪௰௫. இம்முறையில் எழுதுகிறவர் 15ஐ ஒன்றுகளின் இடத்தில் வைத்துவிட வழியில்லை. ௰௫ என்று எழுதும்போதே பத்து தன் குறியோடு வெளியே வந்து நின்று, ஏற்கெனவே உள்ள பத்துகளோடு சேர்க்கச் சொல்கிறது. இடமதிப்பு முறை இதைவிடச் சிக்கனமானது என்பதிலும் உலகக் கணக்கு அதன்மேல் நிற்கிறது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் இடமதிப்பு முறையில் பத்து என்னும் அலகு எழுத்திலிருந்து மறைந்து, வெறும் இடமாகிவிடுகிறது. அந்த மறைவுக்குமுன் அதைக் கண்ணால் கண்ட பழக்கம் குழந்தைக்கு வேண்டும்.

3. நெல்லளவும் மரக்கட்டையும்

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் கணக்குப் பயின்ற சிறுவர்கள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்னும் வாய்பாட்டுச் சுவடிகளை வரிசையாக ஓதினர். இச்சுவடிகளையும், இவற்றைச் சார்ந்து ஊர்க்கணக்கு நடந்த விதத்தையும் செந்தில் பாபு 2022இல் வெளிவந்த தம் ஆங்கில ஆய்வு நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இவற்றுள் நெல்லிலக்கம் முகத்தலளவைக்குரியது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம்.

ஒரு குறுணி ஐந்து நாழி நெல்லோடு ஒரு குறுணி ஆறு நாழி நெல்லைச் சேர்த்தால் என்ன ஆகும்? நாழிகள் பதினொன்று, அவற்றுள் எட்டு ஒரு குறுணியாகிவிட, மூன்று நாழி எஞ்சுகிறது. குறுணிகள் இப்போது மூன்று. அவற்றுள் இரண்டு ஒரு பதக்காகிவிட, ஒரு குறுணி எஞ்சுகிறது. ஒரு பதக்கு, ஒரு குறுணி, மூன்று நாழி. இங்கே பத்து என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. ஓரிடத்தில் எட்டு சேர்ந்தால் மாற்றம், அடுத்த இடத்தில் இரண்டு சேர்ந்தால் மாற்றம். இப்படிக் கணக்கிட்ட சிறுவன் ‘எப்போது மேலினமாக மாற்றுவது’ என்ற கேள்வியை ஒவ்வொரு படியிலும் புதிதாகக் கேட்டே ஆகவேண்டும். அதனால் இனமாற்றம் பத்துக்கு மட்டும் உரிய தந்திரம் அன்று என்பதும் அவனுக்குத் தானே விளங்கிவிடும்.

இதே கருத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தவர், கியூபெக் மாநிலத்தில் பணியாற்றிய சோல்டான் டீனிஸ். 1916இல் புடாபெஸ்டில் பிறந்த இவர், 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் முற்பகுதியிலும் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் கணித மனம் பற்றிய ஆய்வு மையத்தை நடத்தினார். இன்று ஏறத்தாழ எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் காணப்படும் சிறு கனசதுரம், பத்துக் கனசதுரம் நீளமுள்ள கோல், நூறு கொண்ட தட்டு, ஆயிரம் கொண்ட பெருங்கட்டை என்னும் மரக்கட்டைத் தொகுதி அவர் பெயரோடு சேர்ந்தது. பலர் கவனிக்காத செய்தி, டீனிஸ் வகுத்த தொகுதி பத்தில் மட்டும் அமைந்ததன்று என்பதே. மூன்று சேர்ந்தால் ஒரு கோல், மூன்று கோல் ஒரு தட்டு என்று ஒரு பெட்டி, நான்கில் ஒரு பெட்டி, ஐந்தில் ஒரு பெட்டி, பிறகே பத்து. ஒரே செயலைப் பல அடிகளில் செய்த குழந்தை அடியை மறந்து செயலைப் பற்றிக்கொள்ளும் என்பது அவர் துணிபு. பள்ளிகள் பத்தின் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டதால், அவருடைய எண்ணத்தின் பாதி கைநழுவிப் போயிற்று. நாழியும் குறுணியும் பதக்கும் அந்தக் கைவிடப்பட்ட பெட்டிகளின் வேலையைச் செய்தவை. தமிழ் வகுப்பொன்றில் ஒரு படி அரிசியும் சில கிண்ணங்களும் கொண்டு அவ்வேலையை இன்றும் செய்யலாம்.

அருகிலேயே, கியூபெக் பல்கலைக்கழகத்தின் மொன்றியல் வளாகத்தைச் சேர்ந்த நாதின் பெட்நார்ஸ், பெர்னாடெத் ஜான்வியே ஆகிய இருவரும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் எண்ணறிவை ஆராய்ந்து 1982இலும் 1988இலும் கட்டுரைகள் வெளியிட்டனர். பல குழந்தைகளுக்கு மூவிலக்க எண் என்பது வரிசையாக நிற்கும் மூன்று இலக்கங்களே ஒழிய, கட்டுகளும் கட்டுகளின் கட்டுகளும் அன்று என்பதை அவர்கள் கண்டனர். எழுதும் விதியை முன்னிறுத்திய கற்பித்தலே இதற்குக் காரணம் என்று கருதி, ஒரே குழந்தைகளோடு மூன்றாண்டு தொடர்ந்து, கட்டுவதையும் கட்டவிழ்ப்பதையும் மையமாக வைத்த வேறொரு கற்பித்தலை நடத்திப் பார்த்தனர். இவ்வாய்வில் கற்கவேண்டியது கட்டவிழ்ப்பதற்கு அவர்கள் கொடுத்த இடம். கட்டத் தெரிந்த குழந்தைக்குக் கட்டவிழ்க்கத் தெரியும் என்று பெரியவர்கள் எண்ணிக்கொள்கின்றனர். 52இலிருந்து 27ஐக் கழிக்கும்போது ‘பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு’ என்று சொல்வது அந்த எண்ணத்தின் விளைவு. கடன் என்றால் திருப்பித் தரவேண்டும். இங்கே எவரும் எதையும் திருப்பித் தருவதில்லை. அமெரிக்க ஆசிரியர் 23 பேரையும் சீன ஆசிரியர் 72 பேரையும் ஒப்பிட்டு லிப்பிங் மா 1999இல் வெளியிட்ட நூல், சீன ஆசிரியர்களுள் பெரும்பாலோர் இதைக் கடன் என்னாமல், மேலலகு ஒன்றைப் பிரித்தல் என்றே விளக்கியதை எடுத்துக்காட்டுகிறது. தமிழில் ‘ஒரு பத்தை அவிழ்த்து, பத்து ஒன்றாக்கு’ என்று சொல்வதற்குக் கூடுதலாக ஆவது இரண்டு சொல்லளவே.

4. பின்னத்தின் பெயரில் உள்ள முழுமை

பின்னத்தில் கோட்டின்கீழ் உள்ள எண்ணைத் தமிழ்ப் பாடநூல்கள் பகுதி என்றும், மேலே உள்ளதைத் தொகுதி என்றும் வழங்குகின்றன. பகுத்தது எத்தனையாக என்பதைக் கீழெண்ணும், பகுத்தவற்றுள் தொகுத்துக்கொண்டது எத்தனை என்பதை மேலெண்ணும் சொல்கின்றன. இவ்விரு சொற்களின் பொருளையும் ஒரு முறை விளக்கிவிட்டால், எது மேலே எது கீழே என்று குழந்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பின்னத்தை வாசிக்கும் முறை இதைவிட வலிமையானது. ‘மூன்றில் ஒன்று’ என்னும்போது முதலில் முழுமை மூன்றாகப் பகுக்கப்பட்டது தெரிகிறது. ‘இல்’ என்னும் உருபு அம்மூன்றினுள்ளிருந்து எடுக்கப்படுவதைக் குறிக்கிறது. பிறகு எடுத்தது ஒன்று என்பது வருகிறது. செயல் நடக்கும் வரிசையிலேயே சொல் நடக்கிறது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஐந்தில் ஒன்றைக் குறிக்கும் சொல்லும் ஐந்தாவது என்ற வரிசைச் சொல்லும் ஒன்றே. வரிசையில் நிற்கும் ஐந்தாவது பிள்ளைக்கும் ஐந்தாய்ப் பகுத்த அப்பத்தின் ஒரு துண்டுக்கும் ஒரே பெயர் கேட்கும் குழந்தை குழம்புவதில் வியப்பில்லை. தமிழில் ஐந்தாவது வேறு, ஐந்தில் ஒன்று வேறு.

கொரிய மொழியும் தமிழைப் போலவே முழுமையை முதலில் சொல்கிறது. கொரியா, குரோவேசியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் முதலிரண்டு வகுப்புக் குழந்தைகளைப் பள்ளியில் பின்னம் கற்பிக்கப்படும் முன்னரே ஆராய்ந்து, மியூராவும் உடன்பணியாற்றியோரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பின்னத்தை உரிய படத்தோடு பொருத்துவதில் கொரியக் குழந்தைகள் முந்தி நின்றனர். பெய்க், மிக்ஸ் ஆகிய இருவர் 2003இல் இதை மறுபடி ஆராய்ந்து, ஆங்கிலப் பெயர்களைக் கொரிய அமைப்பில் ‘நான்கு பங்கில் ஒன்று’ என்பதுபோல் மாற்றிச் சொன்னபோது அமெரிக்கக் குழந்தைகளின் விடைகளும் நன்கு மேம்பட்டதைக் காட்டினர். ஆகவே இது இனத்தின் பெருமையோ மொழியின் பெருமையோ அன்று. வெளிப்படையாகச் சொல்வதன் பயன். அப்பயன் தமிழ் வீட்டில் செலவின்றிக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் ‘ஒன் பை போர்’ என்று வாசிக்கப் பழக்குவதும், மேலே ஒன்று கீழே நான்கு என்று தாளில் மை இருக்குமிடத்தைச் சொல்வதும் தமிழ் வகுப்புகளிலேயே பரவிவிட்டன. நான்கில் ஒன்று என்றோ, காற்பங்கு என்றோ, ஈழத்து வழக்கில் கால்வாசி என்றோ சொல்லும்போது குழந்தை ஒரு பொருளைக் காண்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் இரு இலக்கங்களை மட்டும் கண்ட குழந்தைக்கு, அவற்றைத் தனித்தனியே கூட்டக் கூடாது என்பதற்கு ஒரு காரணமும் தெரிவதில்லை.

5. முக்காலே மூணு வீசம்

ஒன்றுக்கு மேற்பட்ட எண்களை மேல்வாயிலக்கம் என்றும், ஒன்றுக்குக் குறைந்தவற்றைக் கீழ்வாயிலக்கம் என்றும் பழந்தமிழ்க் கணக்கர் வழங்கினர். கீழ்வாயிலக்கத்தில் ஒவ்வொரு சிற்றளவுக்கும் தனிப்பெயரும் தனிக்குறியும் இருந்தன. 320இல் ஒன்று முந்திரி. 80இல் ஒன்று காணி. 20இல் ஒன்று மா. 16இல் ஒன்று மாகாணி, இதுவே வீசம். எட்டில் ஒன்று அரைக்கால். பிறகு கால், அரை, முக்கால். இக்குறிகள் உட்பட 51 தமிழ்க் குறிகள் 2019இல் யூனிக்கோடு தரத்தில் சேர்க்கப்பட்டதால், கணினியிலும் இன்று எழுதத் தக்கவையாக உள்ளன.

இப்பெயர்களின் உள்ளே பின்னக் கணக்கு நடந்துகொண்டிருக்கிறது. அரைக்கால் என்பது காலில் பாதி. எட்டு நான்கைவிடப் பெரியது, ஆகவே எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடப் பெரியது என்று எண்ணும் பொதுவான பிழை, அரைக்கால் என்ற பெயரைக் கேட்ட குழந்தையிடம் எழ வழியில்லை. மாகாணி என்ற பெயரோ ஒரு கூட்டல். மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 20இல் ஒன்றையும் 80இல் ஒன்றையும் எப்படிச் சேர்ப்பது? ஒரு மாவைக் கொடுத்து நான்கு காணியைப் பெறவேண்டும். அவற்றோடு ஒரு காணியைச் சேர்த்தால் ஐந்து காணி. எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. பள்ளியில் ‘பொதுப் பகுதி காணல்’ என்று ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் விதியாகக் கற்பிக்கப்படுவது இதுதான்: இனம் வேறான இரண்டை ஓரினமாக்கிய பிறகு கூட்டுவது. நில அளவையிலும் வேலியில் இருபதில் ஒன்று மா என்றே வழங்கியதால், இப்பெயர்கள் ஏட்டில் மட்டும் வாழாமல் வயல் வரப்பிலும் வாழ்ந்தன.

முழுதுக்கு மிக அருகில் வந்ததை ‘முக்காலே மூணு வீசம்’ என்று சொல்லும் வழக்கு இன்னும் முதியோர் நாவில் உள்ளது. ‘முக்காலே மூணு வீசம் முடிந்துவிட்டது’ என்றால் கொஞ்சம்தான் பாக்கி என்று பொருள். எவ்வளவு பாக்கி? நான்கு வீசம் ஒரு கால். மூன்று வீசம் இருக்கிறது, ஒரு வீசம் குறைகிறது. அந்த ஒரு வீசத்தைச் சேர்த்தவுடன் நான்கு வீசம் ஒரு காலாக மாறுகிறது; அந்தக் கால் முக்காலோடு சேர்ந்து நான்கு காலாகி, நான்கு கால் ஒன்றாக மாறுகிறது. 99உடன் 1ஐக் கூட்டும்போது நடப்பதும் இதுவே: பத்து ஒன்றுகள் ஒரு பத்தாகின்றன; அந்தப் பத்து, பத்துகள் பத்தை நிறைவாக்கி ஒரு நூறாகிறது. ஓரிடத்தில் நான்கால் அடுக்கு, மற்றோரிடத்தில் பத்தால் அடுக்கு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துச் செய்துபார்த்த குழந்தைக்கு, பின்னமும் முழுவெண்ணும் ஒரே கணக்கு என்பதை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. காலே மூன்று வீசத்தோடு காலே இரண்டு வீசத்தைக் கூட்டச் சொன்னால், ஐந்து வீசத்தில் ஒரு கால் பிரிந்து, முக்காலே ஒரு வீசம் என்று அக்குழந்தை வாயாலேயே விடை சொல்லும். 16 என்ற பகுதியை எழுதவும் வேண்டியிராது.

இம்முறையின் ஆழத்தைக் காட்டும் இன்னொரு சொல் ‘கீழ்’. முந்திரியோடு வரிசை முடிந்துவிடவில்லை. முந்திரியையே ஒன்று எனக் கொண்டு, அதன் அரையைக் கீழரை என்றும், காலைக் கீழ்க்கால் என்றும் மறுபடி அதே வரிசையில் எண்ணி, கீழ்முந்திரி வரை சென்றனர். அது 1,02,400இல் ஒன்று. எதையும் ஒன்றாகக் கொள்ளலாம், கொண்ட பிறகு கணக்கு மாறாது என்ற துணிவு இல்லாதவர்கள் இப்படிப் பெயரிட்டிருக்க முடியாது.

6. எல்லைகள்

இவ்வளவு சொன்ன பிறகு, முந்திரி வாய்பாட்டை இங்குள்ள பிள்ளைகளுக்கு ஓதிவைக்க வேண்டும் என்று எவரும் கொள்ளலாகாது. திண்ணைப் பள்ளியின் நினைவாற்றலுக்குப் பின்னே பிரம்பும் இருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும், பெண் குழந்தைகளுக்கும் அத்திண்ணை ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. கணக்குமுறையிலும் குறையுண்டு. இரண்டு, நான்கு, ஐந்து ஆகியவற்றால் பகுக்கும் சிற்றளவுகளுக்கே பெயர்கள் அமைந்தன. மூன்றில் ஒன்றுக்கு அவ்வரிசையில் தனிப்பெயர் இல்லை. இன்றைய குழந்தைக்கு ஏழில் மூன்றும் வேண்டும், பன்னிரண்டில் ஐந்தும் வேண்டும். பழைய முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வாய்பாட்டை அன்று, இனமாற்றி எண்ணும் பழக்கத்தை.

மூன்றில் ஒன்றைக் கற்பிக்கும் கருவியோ இந்நகரத்துக் குளிர்ப்பெட்டிகளிலேயே இருக்கிறது.

7. மூன்று பால் பைகள்

கியூபெக்கிலும் ஒன்ராறியோவிலும் நான்கு லீற்றர் பால் ஒரே பெரிய பையில் விற்கப்படுகிறது. அதனுள்ளே மூன்று சிறு பைகள். ஒரு சிறு பை எவ்வளவு என்று கேட்டால் இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் சரி. பெரிய பை ஒன்று எனக் கொண்டால், சிறு பை மூன்றில் ஒன்று. லீற்றர் ஒன்று எனக் கொண்டால், சிறு பை மூன்றில் நான்கு, அதாவது ஒன்றும் மூன்றில் ஒன்றும். ஒரே பொருள், ஒன்றைவிடச் சிறிய எண்ணாகவும் ஒன்றைவிடப் பெரிய எண்ணாகவும் ஆகிறது; பொருள் மாறவில்லை, ஒன்று என்பது மாறியது. தகாப் பின்னம் என்று பாடநூல் பெயரிட்டு அச்சுறுத்தும் மூன்றில் நான்கை, குழந்தை தினமும் காலையில் வெட்டித் திறக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது பிழையை இங்கே வைத்துப் பார்க்கலாம். பெரிய பையில் பாதியையும் மூன்றில் ஒன்றையும் சேர்த்தால் என்ன? பாதி என்பது ஒன்றரைச் சிறு பை. மூன்றில் ஒன்று என்பது ஒரு சிறு பை. ஒன்றரையும் ஒன்றும் வேறு வேறு துண்டுகளாக நிற்பதால், இரண்டுக்கும் பொருந்தும் ஓர் அலகு வேண்டும். சிறு பையில் பாதி அதற்கு உதவும். பெரிய பையில் அரைப் பைகள் ஆறு. பாதிக்கு மூன்று அரைப் பைகள், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு அரைப் பைகள், சேர்ந்தால் ஐந்து அரைப் பைகள், ஆறில் ஐந்து. இதற்குமுன் ஐந்தில் இரண்டு என்று எழுதிய குழந்தையிடம், ஐந்தில் இரண்டு என்பது பாதிக்கும் குறைவாயிற்றே, பாதியோடு ஒன்றைச் சேர்த்தபின் பாதியைவிடக் குறைந்தது எப்படி என்று கேட்டால், விடையைத் திருத்தும் வேலையை அக்குழந்தையே மேற்கொள்ளும்.

எத்தனை வயதில் எழுத்துக் கணக்குக்குப் போகலாம் என்பது பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி. கியூபெக்கின் தொடக்கக் கல்வி ஆறாண்டு, இரண்டிரண்டு ஆண்டுகளாக மூன்று சுற்று. முதற்சுற்றில் ஆயிரத்துக்கு உட்பட்ட எண்கள். பள்ளி தன் வேகத்தில் போகும். வீட்டுக்கு அந்த வேகம் கட்டாயமில்லை. குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தால் கட்டுவதும், கழிக்கும்போது வளையத்தைக் கழற்றுவதும், உழக்கை உரியாக ஊற்றிப் பார்ப்பதும், ஒரு டாலருக்கு நான்கு கால் டாலரையும் பத்துப் பத்துச்சதக் காசையும் மாற்றி மாற்றி அடுக்குவதும் வீட்டில் நடக்கட்டும். ஒரு சதக் காசைக் கனடா 2013 பெப்ரவரியில் புழக்கத்துக்கு விடுவதை நிறுத்திவிட்டதால், ஒன்றுகளுக்குக் காசு உதவாது. புளியங்கொட்டையோ அவரை விதையோ போதும். இவற்றைச் செய்யும்போது பெரியவர் வாயில் ‘மனத்தில் ஒன்று’ வராமல் ‘ஒரு பத்து ஆயிற்று’ என்பதும், ‘கடன் வாங்கு’ வராமல் ‘ஒரு கட்டை அவிழ்’ என்பதும் வரவேண்டும்.

பால் பைகளை வைத்துக் கணக்கிடும் ஏதோ ஒரு காலையில், பெரியவர் வேண்டுமென்றே விடையை முழுதாகச் சொல்லாமல், ‘ஐந்து’ என்று மட்டும் சொல்லிப் பார்க்கலாம். குழந்தை தலையாட்டிவிட்டுப் போனால் இன்னும் சில காலம் பைகளும் கிண்ணங்களும் தொடரட்டும். ‘எத்தனையில் ஐந்து?’ என்று திரும்பக் கேட்டால், அன்று மாலையே தாளும் பென்சிலும் எடுத்து, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே கோட்டை இழுத்துக் காட்டலாம்.